தொடரின் கடைசிப் புத்தகத்தை எழுதுவது எப்படி? 'டெத்லி ஹாலோஸ்' வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

இளையோருக்கான மாயாஜால சாகசத் தொடர் எழுதுகிறவர்களுக்குக் கடைசிப் பாகம்தான் பெரிய சோதனை. முதல் பாகம் சுமாராக அமைந்தால் வாசகர் இரண்டாவதை வாங்காமல் விடுவார், அவ்வளவுதான். கடைசிப் பாகம் சொதப்பினால், அதுவரை உயிராக நினைத்த முந்தைய பாகங்களின் மேலும் அவருக்குக் கசப்பு வந்துவிடும். பதின்வயதில் நேசித்த கதை என்பதால் அந்தக் கசப்பு லேசில் போகாது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசினால் பயன் அதிகம். நான் எடுத்துக்கொள்வது ஜே. கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது நூலான 'டெத்லி ஹாலோஸ்'. முதல் நூல் 1997 ஜூன் 26 அன்று வந்தது, ஏழாவது 2007 ஜூலை 21 அன்று. முதல் நூலைப் பதினொரு வயதில் கையில் எடுத்த பிள்ளை, கடைசி நூலைப் படிக்கும்போது இருபத்தொரு வயது இளைஞர். அந்தப் பத்தாண்டு நம்பிக்கைக்கு ஒரே புத்தகத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலான இடங்களில் ரோலிங் சொல்லியிருக்கிறார், சில இடங்களில் தடுமாறியிருக்கிறார். இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

என் அடிப்படைக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாகத்துக்கு வேண்டிய பொருள் கிட்டத்தட்ட எல்லாமே முந்தைய பாகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்பனை செய்ய உட்காராதீர்கள். ஏற்கெனவே எழுதியதைத் தேட உட்காருங்கள்.

படி 1: முடிச்சுப் பட்டியல் போடுங்கள்

ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், வெளிவந்த பாகங்கள் அனைத்தையும் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை நம்பாதீர்கள். அச்சில் வந்த பிரதியைப் படியுங்கள், ஏனென்றால் வாசகர் கையில் இருப்பது அதுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொருள்கள், வாக்குறுதிகள், மாய உலகின் விதிகள், பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள், பாதியில் காணாமல்போன மனிதர்கள் என்று ஒவ்வொன்றையும் எந்தப் பாகம், எந்தப் பக்கம் என்பதோடு குறியுங்கள். எதிரில், "இதைப் படித்த வாசகர் இப்போது என்ன எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்?" என்று ஒரு வரி எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய புதையல் என்பதற்கு ஒரு பொருளை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். முதல் நூலில் ஹாரி ஆடும் முதல் க்விடிச் ஆட்டம், அதாவது துடைப்பத்தில் பறந்து ஆடும் பந்தாட்டம். பறக்கும் தங்கப் பந்தான ஸ்னிச்சை அவன் கையால் பிடிப்பதில்லை. அது வாய்க்குள் போய்விடுகிறது, கிட்டத்தட்ட விழுங்கிவிட்டுத் துப்புகிறான். படிக்கும்போது அது ஒரு வேடிக்கை, அவ்வளவே. ஏழாவது நூலில், ஹாரியின் தலைமையாசிரியரும் குருவுமான டம்பிள்டோர் தன் உயிலில் அதே ஸ்னிச்சை ஹாரிக்கு விட்டுச்செல்கிறார். முதலில் தொட்டவரின் தொடுகையை ஸ்னிச் நினைவில் வைத்திருக்கும் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. மாய உலக அரசின் அமைச்சர் கண்முன்னே ஹாரி அதைக் கையில் வாங்குகிறான். ஒன்றும் நடப்பதில்லை. அமைச்சர் போன பிறகுதான் விஷயம் வெளிவருகிறது: இவன் அதைப் பிடித்தது வாயால். உதட்டில் வைத்ததும் பந்தின்மேல் எழுத்துகள் தோன்றுகின்றன. அப்போதும் அது திறப்பதில்லை. கதை முடியப்போகும் நேரத்தில், சாவதற்காகக் காட்டுக்குள் நடக்கும்போதுதான் திறக்கிறது.

முதல் நூலில் சில வரிகளில் வந்துபோன வேடிக்கை, ஏழாவது நூலில் மூன்று இடங்களில் வேலை செய்கிறது. இதற்குப் புதிய மாயப்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னும் இரண்டு. ஐந்தாம் நூலில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் வீட்டைச் சுத்தம் செய்யும் காட்சியில், யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று மற்ற சாமான்களின் நடுவே ஒரே ஒரு வரியில் வந்துபோகும். ஆறாம் நூலில் ஹாரி தன் புத்தகத்தை ஒளித்துவைத்த இடத்துக்கு அடையாளமாக, ஒரு சிலையின் தலையில் பழைய விக்கையும் கறுத்துப்போன கிரீடத்தையும் வைப்பான். லாக்கெட், கிரீடம் இரண்டுமே, சாகாமலிருக்கத் தொடரின் எதிரி வோல்டமோர்ட் ஒளித்துவைத்த உயிர்த்துண்டுகளான ஹார்க்ரக்ஸ்கள் என்று ஏழாவது நூலில் தெரியவரும்போது, வாசகர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய நூலை எடுத்துப் பார்க்கிறார். தொடர் எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

"எனக்கு அப்படியெல்லாம் முன்கூட்டித் திட்டம் இல்லையே" என்று கவலைப்படத் தேவையில்லை. நீங்கள் ஒரு காட்சிக்கு அழகு சேர்க்க மட்டுமே வைத்த பொருளை இப்போது கண்டெடுத்துப் பயன்படுத்தலாம். அது முதலிலேயே யோசித்ததா, பிறகு கண்டுபிடித்ததா என்பது வாசகருக்குத் தெரியப்போவதில்லை. பழைய பக்கத்தில் அது உண்மையிலேயே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

படி 2: எதை அவிழ்ப்பது, எதை விடுவது

பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் அவிழ்க்கப் போனால் புத்தகம் கணக்கு ஒப்படைக்கும் கூட்டம்போல் ஆகிவிடும். மூன்றாகப் பிரியுங்கள்.

சில முடிச்சுகளுக்கு ஒரு முழு அத்தியாயம் தர வேண்டும். ஹாரி வெறுக்கும் ஆசிரியர் ஸ்னேப் யார் பக்கம் என்பது முதல் நூலிலிருந்து ஓடிவரும் கேள்வி. அதற்கு ரோலிங் 33-ஆம் அத்தியாயத்தை முழுவதுமாக ஒதுக்கினார். சிலவற்றுக்கு ஒரு வரியோ ஒரு காட்சியோ போதும். நான்காம் நூலில் ஆடு சம்பந்தமான ஒரு பேச்சில் மட்டும் பெயர் அடிபட்ட டம்பிள்டோரின் தம்பி அபெர்ஃபோர்த், ஐந்தாம் நூலில் பெயர் சொல்லப்படாத மதுக்கடைக்காரராக வருகிறார், ஏழாவதில் அதே ஆள் என்று தெரிந்துகொள்கிறோம். மூன்றாவது வகை, கைவைக்கக் கூடாதவை. ஐந்தாம் நூலில் சிரியஸ் விழுந்து மறைந்த மாயத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ரோலிங் கடைசிவரை விளக்கவில்லை. மரணத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு விதிமுறைப் புத்தகம்போல பதில் எழுதியிருந்தால் அந்தத் திரையின் பயமே போயிருக்கும். உங்கள் தொடரிலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். எது என்று கண்டுபிடித்து அதன் பக்கத்தில் "தொடாதே" என்று எழுதிவையுங்கள்.

படி 3: உச்சக்கட்ட முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

உச்சக்கட்டச் சண்டையைப் பற்றிச் சொல்லவில்லை, நாயகனோ நாயகியோ எடுக்கும் முடிவைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து கடைசிப் பாகங்கள் சறுக்குவதற்கு முதல் காரணம் இதுதான்: எதிரியை எப்படிக் கொல்வது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள், நாயகன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று யோசிப்பதில்லை. புதிய மந்திரமோ புதிய வாளோ வந்து காப்பாற்றினால் வாசகர் கைதட்டுவார், ஆனால் கலங்கமாட்டார்.

'டெத்லி ஹாலோஸ்' நூலின் வாக்கியம் இப்படி அமையும்: தன்னைக் கொல்ல வருகிறவன் முன்னால் ஹாரி ஆயுதமில்லாமல் போய் நிற்கிறான்.

அந்தக் காட்சி கட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள். தன் உடம்பிலேயே வோல்டமோர்ட்டின் உயிர்த்துண்டு ஒன்று இருக்கிறது, தான் செத்தால்தான் அது அழியும் என்று ஸ்னேப்பின் நினைவுகள் வழியாக ஹாரிக்குத் தெரிகிறது. உருவத்தை மறைக்கும் மாய அங்கியைப் போர்த்திக்கொண்டு நண்பர்களிடம் விடைபெறாமல் நடக்கிறான். வழியில் பள்ளித் தோழன் நெவிலிடம் மட்டும், இன்னொரு உயிர்த்துண்டைச் சுமக்கும் வோல்டமோர்ட்டின் பாம்பைக் கொல்லும் வேலையை ஒப்படைக்கிறான். தான் நேசிக்கும் ஜின்னி ஒரு சிறுமியைத் தேற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் நிற்காமல் கடக்கிறான். ஸ்னிச் திறக்கிறது. உள்ளே இருக்கும், இறந்தவர்களை வரவழைக்கும் கல்லின் வழியாகப் பெற்றோரும் சிரியஸும் பழைய ஆசிரியர் லூப்பினும் தோன்றிக் கூடவே நடக்கிறார்கள். எதிரியின் முன்னால் போய் நிற்கும்போது அங்கியைக் கழற்றி, மந்திரக்கோலோடு சேர்த்து உடைக்குள் செருகிக்கொள்கிறான். கல்லும் விரலிலிருந்து நழுவி விழுகிறது. ஏழு நூல்களில் அவனுக்குத் துணையாக வந்த ஒவ்வொன்றையும் அவன் தானாகவே கீழே வைத்துவிட்டுப் போகிறான்.

இது 34-ஆம் அத்தியாயம். என் கணிப்பில் தொடர் முழுவதற்கும் உயரமான இடம் இதுதான், இதற்குப் பிறகு, உயிர்பிழைத்த ஹாரி எதிரியோடு நேருக்குநேர் மோதும் இடம் அல்ல.

அந்த மோதலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோலிங் தடுமாறிய இடம் அங்கே இருக்கிறது. உலகிலேயே வலிமையான எல்டர் மந்திரக்கோல் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. அதன் எஜமானரை வீழ்த்திக் கோலைப் பறிப்பவரே அடுத்த எஜமானர் என்பது விதி. ஆறாம் நூலின் முடிவில் டம்பிள்டோரின் கையிலிருந்து அந்தக் கோலைத் தட்டிவிட்டவன் ஹாரியின் பள்ளி எதிரி ட்ராக்கோ மால்ஃபாய். ஏழாம் நூலின் நடுவில் மால்ஃபாய் மாளிகையில் ட்ராக்கோவின் கையிலிருந்து கோலைப் பிடுங்கியவன் ஹாரி. எனவே எல்டர் கோலுக்கு எஜமானன் ஹாரி. தர்க்கம் சரியாகவே இருக்கிறது, இரண்டு சம்பவங்களும் நம் கண்முன்னே நடந்தவைதான். ஆனால் அதை உச்சக்கட்டத்தில், எதிரியைச் சுற்றிவந்துகொண்டே, ஹாரி வாயால் விளக்க வேண்டியிருக்கிறது. பதைபதைப்போடு படிக்க வேண்டிய பக்கத்தில் வாசகர் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கதையின் வெற்றி ஒரு விதியை நம்பி இருந்தால், அந்த விதியை வாசகர் சண்டைக்கு முன்பே முழுதாகப் புரிந்திருக்கும்படி செய்யுங்கள். சண்டையின் நடுவே விளக்கம் வேண்டாம்.

படி 4: கூரையைப் பிரித்துவிடுங்கள்

ஒவ்வொரு இளையோர் தொடருக்கும் ஒரு கூரை உண்டு: ஒரு பள்ளி, ஒரு குரு, ஒரு கப்பல், ஒரு பயிற்சி முகாம். வாசகர் அந்த இடத்துக்குத் திரும்பிவரத்தான் ஆசைப்படுவார். கடைசிப் பாகத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

ஆறு நூல்களிலும் செப்டம்பர் பிறந்தால் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கு ரயில் என்பது பழக்கம். ஏழாவது நூலில் ஹாரியும் அவன் நண்பர்கள் ரானும் ஹெர்மயனியும் ரயில் ஏறுவதே இல்லை. குரு ஆறாம் நூலிலேயே செத்துவிட்டார். அரசாங்கம் எதிரியின் கைக்குப் போய்விட்டது. ஹாரியின் மந்திரக்கோல் கிறிஸ்துமஸ் இரவில் உடைந்துபோகிறது. இதையெல்லாம்விட நுட்பமான ஒன்றையும் ரோலிங் பறிக்கிறார். வோல்டமோர்ட்டின் பெயரைத் தயங்காமல் சொல்வது முதல் நூலிலிருந்தே துணிச்சலின் அடையாளம். இந்த நூலில் அந்தப் பெயருக்கே தடைமந்திரம் போட்டு, சொல்கிறவர்களை வளைத்துப்பிடிக்கிறார்கள். ஹாரியின் துணிச்சலே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் நாயகனின் மிகப்பெரிய பலம் எதுவோ, அது ஒருமுறையாவது அவனுக்கு எதிராகத் திரும்பட்டும்.

பிறகு, கூரையைத் திருப்பிக் கொடுங்கள். கடைசிப் போர் ஹாக்வார்ட்ஸில்தான் நடக்கிறது. அத்தனை அத்தியாயங்கள் விலகி இருந்துவிட்டு வருவதால்தான் அந்தக் கோட்டை இடியும்போது நமக்கு வலிக்கிறது.

படி 5: புதியவற்றுக்கு வரம்பு கட்டுங்கள்

கடைசிப் பாகத்தில் புதிய பொருள், புதிய விதி, புதிய எதிரி எதைக் கொண்டுவந்தாலும் வாசகர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்று கேட்பார். ரோலிங் இந்த ஆபத்தான வேலையைத் துணிந்து செய்தார். மரணத்தை வெல்லும் 'ஹாலோஸ்' என்ற மூன்று பொருள்களைப் பற்றிய பழங்கதை ஏழாவது நூலில்தான் முதன்முறையாக வருகிறது, அதுவும் நூல் பாதியைத் தாண்டிய பிறகு. ஏற்கெனவே ஹார்க்ரக்ஸ் தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தேடலா என்று எரிச்சல் வந்திருக்க வேண்டும். வராமல் காத்தது எது? மூன்றில் ஒன்றான மாய அங்கி, முதல் நூலின் கிறிஸ்துமஸ் அன்றே ஹாரிக்குக் கிடைத்துவிட்டது. இன்னொன்றான கல், ஆறாம் நூலில் டம்பிள்டோரின் விரலில் இருந்த மோதிரத்தில் பதிந்திருந்தது. மூன்றாவதான எல்டர் கோலை டம்பிள்டோர் வென்றது தீய மந்திரவாதி க்ரிண்டல்வால்டிடம். அந்தப் பெயரும், 1945-இல் அவனை டம்பிள்டோர் தோற்கடித்த செய்தியும் முதல் நூலில் சாக்லேட்டோடு வரும் அட்டையிலேயே அச்சாகியிருந்தன. புதிதாக வந்தது கதை மட்டும்தான். பொருள்கள் பழையவை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் புதிய தேடல், கேள்வியையும் புதிதாக்குகிறது: ஹார்க்ரக்ஸ்களை அழிப்பதா, ஹாலோஸைக் கைப்பற்றுவதா? தன்னைக் காப்பாற்றி இறந்த டாபியின் கல்லறைக்கு அருகே ஹாரி முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறான். புதியது வந்தால் அது நாயகனை ஒரு தேர்வுக்குத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளாத புதுமை எதுவானாலும் வெட்டிவிடுங்கள்.

படி 6: நடுப்பகுதியில் பொறுமை

கூடாரத்தில் அலையும் அத்தியாயங்கள் இழுவை என்று பலர் குறைசொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. அங்கேதான் மூன்று பிள்ளைகளும் பெரியவர்களாகிறார்கள். பசி, குளிர், என்ன செய்வதென்று தெரியாத நிலை, குருவின் மேல் ஏறும் சந்தேகம், மாறிமாறிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் லாக்கெட் மனத்தைக் கெடுப்பது, ரான் கோபித்துக்கொண்டு போய்விடுவது என்று எல்லாமே அந்தக் கூடாரத்துக்குள் நடக்கின்றன. ரான் போனதால்தான் அவன் திரும்பிவந்து, ஹார்க்ரக்ஸை அழிக்கவல்ல வாளால் லாக்கெட்டை வெட்டும் காட்சிக்கு அவ்வளவு எடை.

ஆனால் பொறுமை வேறு, வெறுமை வேறு. நடுப்பகுதி எழுதும்போது ஒரு கேள்வி பின்னணியில் எரிந்துகொண்டே இருக்கட்டும். 19-ஆம் அத்தியாயத்தில் காட்டுக்குள் ஒரு வெள்ளி மான் வந்து ஹாரியை வாள் கிடக்கும் குளத்துக்கு அழைத்துப்போகிறது. அனுப்பியது யார்? பதில் 33-ஆம் அத்தியாயத்தில்தான். இப்படிப் பதினான்கு அத்தியாயங்கள் தாங்கும் ஒரு கேள்வி இருந்தால், கதாபாத்திரங்கள் சும்மா உட்கார்ந்து ரேடியோ கேட்டாலும் வாசகர் எழுந்துபோகமாட்டார்.

படி 7: மரணங்களை எண்ணிக்கைக்காக வைக்காதீர்கள்

போர் என்றால் சாவு உண்டு. யாரும் சாகாத போரைப் பதின்வயது வாசகர் நம்பமாட்டார். ஒவ்வொரு மரணத்துக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இவர் போனதால் நாயகன் இனி எதைச் செய்ய முடியாது, அல்லது எதைச் செய்தே ஆக வேண்டும்?

ஹாரியின் ஆந்தை ஹெட்விக்கும் மூடி என்ற மூத்த போராளியும் தொடக்கத்திலேயே போகிறார்கள். இனி யாருக்கும் பாதுகாப்பில்லை என்று அறிவிப்பதுதான் அந்த மரணங்களின் வேலை. வீட்டு வேலைக்கு அடிமையாயிருந்த எல்ஃப் எனும் சிறு மாய உயிரான டாபியின் மரணம் வேறு தரம். இரண்டாம் நூலில் ஒரு காலுறையால் விடுதலை பெற்றவன், நண்பர்களைக் காப்பாற்றிவிட்டுக் கடற்கரை வீட்டருகே ஹாரியின் கைகளில் உயிர்விடுகிறான். ஹாரி மந்திரத்தைத் தொடாமல், மண்வெட்டி எடுத்து, வேர்த்துக் கொப்பளித்துக் குழி தோண்டுகிறான். தோண்டத் தோண்ட அவன் மனம் தெளிகிறது. வோல்டமோர்ட்டின் எண்ணங்கள் தன் தலைக்குள் புகாமல் தடுக்க இத்தனை நாள் முடியாதது, துக்கத்தால் முடிகிறது. ஒரு சின்னப் பாத்திரத்தின் மரணம் நாயகனை மாற்றிவிட்டுப் போகிறது. மாயங்கள் நிறைந்த தொடரில் மாயமில்லாமல் ஒரு குழி தோண்டுவதுதான் மரியாதை என்று எழுத்தாளர் கண்டுகொண்டது எனக்கு இன்றும் பெரிய பாடம்.

மாறாக, லூப்பினும் அவர் மனைவி டாங்க்ஸும் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சாகிறார்கள். உடல்களை மட்டும் பார்க்கிறோம். போர் அப்படித்தான் என்று வாதிடலாம். ஆனால் மூன்றாம் நூலிலிருந்து கூடவே வந்த லூப்பினுக்கு ஒரு கடைசிக் காட்சி கிடைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வாசகர் எத்தனை நூல்களாக ஒருவரை நேசித்தாரோ, அதற்கேற்ற இடத்தை அவருடைய சாவுக்குக் கொடுங்கள்.

படி 8: வேலையைப் பங்கிடுங்கள்

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. ஏழு உயிர்த்துண்டுகளை அழித்த கைகளைப் பாருங்கள். டைரியை ஹாரி, மோதிரத்தை டம்பிள்டோர், லாக்கெட்டை ரான், கிண்ணத்தை ஹெர்மயனி, கிரீடத்தை ட்ராக்கோவின் கூட்டாளி க்ராப் கட்டுப்படுத்தத் தெரியாமல் ஏவிய தீ, பாம்பை நெவில். ஹாரிக்குள் இருந்த துண்டை வோல்டமோர்ட்டே அழித்துக்கொள்கிறான். ஏழும் ஏழு கை. நாயகன் பெயரில் ஓடும் தொடரில் நாயகன் அழித்தது ஒன்றே ஒன்றுதான்.

முதல் நூலில் பயந்தாங்கொள்ளியாக வந்த நெவில், பள்ளியின் மாயத் தொப்பிக்குள்ளிருந்து வாளை உருவிப் பாம்பு நாகினியை வெட்டும்போது நமக்கு எழும் ஆனந்தம், ஆறு நூல்கள் சேர்த்துவைத்தது. பிள்ளைகளுக்குச் சோறுபோடும் தாயாகவே தெரிந்த ரானின் அம்மா மாலி வீஸ்லி, வோல்டமோர்ட்டின் அடியாளான பெல்லட்ரிக்ஸை வீழ்த்துகிறார். ட்ராக்கோவின் தாய் நார்சிஸா மால்ஃபாய் தன் மகன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துகொண்டதும், ஹாரி செத்துவிட்டான் என்று எஜமானனிடமே பொய் சொல்கிறாள். முதல் நூலில் தாயின் அன்பு ஹாரியைக் காத்தது. கடைசி நூலில் இன்னொருவனின் தாய் காக்கிறாள்.

துணைப் பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் "இவரால் மட்டுமே முடிந்த ஒரு செயல்" என்று ஒன்று ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாதவர்களை ஊருக்கு அனுப்பிவிடலாம். போர்க்களத்தில் சும்மா நிறுத்தாதீர்கள்.

இவ்வளவு இழைகளைச் சேர்த்து ஓட்ட ஒரு கட்டம் போட்ட தாள் வேண்டும். ஐந்தாம் நூலுக்காக ரோலிங் கையால் போட்ட கட்டத்தாளின் ஒரு பக்கம் பொதுவெளியில் கிடைக்கிறது. கீழே கீழே அத்தியாயங்களும் மாதங்களும், பக்கவாட்டில் மையக்கதை, தீர்க்கதரிசனம், காதல், ரகசியக் குழு, ஸ்னேப், ஹேக்ரிட் என்று தனித்தனி வரிசைகள். எந்த இழை எத்தனை அத்தியாயமாகத் தூங்குகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதேபோல் ஒன்று போட்டு, எழுதும் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

படி 9: வெற்றியின் விலை

எல்லாம் முடிந்ததும் எல்லாமே பழையபடி ஆகிவிட்டால் கதை நடந்ததற்கே அர்த்தமில்லை. ஃபிலிப் புல்மனின் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) இதில் கறாரானது. உலகங்களுக்கு இடையிலான வாசல்கள் அடைபட வேண்டும் என்பதால், ஒருவரையொருவர் நேசிக்கும் லைரா என்ற பெண்ணும் வில் என்ற பையனும் தத்தம் உலகத்துக்குப் பிரிந்துபோகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆக்ஸ்ஃபோர்டின் தாவரத் தோட்டத்தில் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு உலகத்திலிருந்து, ஒரு மணிநேரம் உட்கார்வது என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள். படித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஹாரிக்கு இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் உலகிலேயே வலிமையான மந்திரக்கோல் கையில் இருக்கும்போது, அதைக்கொண்டு தன் உடைந்த கோலைச் சரிசெய்துகொண்டு, வலிமையானதை டம்பிள்டோரின் கல்லறைக்கே திருப்பி அனுப்ப முடிவெடுக்கிறான். திரைப்படத்தில் அதை முறித்து எறிகிறான், தன் பழைய கோலைச் சரிசெய்யும் காட்சியே இல்லை. நூலில் இருப்பதுதான் எனக்கு நெருக்கம்: பதினொரு வயதில் கடையில் தன்னைத் தேர்ந்தெடுத்த கோல் மட்டும் போதும் என்கிறான்.

படி 10: பின்னுரை வேண்டுமா?

'பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற பின்னுரையை ரோலிங் தொடரின் தொடக்க காலத்திலேயே எழுதிவைத்திருந்தார், பிறகு திருத்தினார். கடைசிச் சொல் 'தழும்பு' என்றுதான் இருக்கும் என்று நெடுநாள் சொல்லிவந்தார், அச்சில் வந்தபோது அது மாறியிருந்தது. பின்னுரை வாசகர்களை இரண்டாகப் பிரித்தது. எல்லோருக்கும் கல்யாணமும் பிள்ளைகளும் என்று கதவைச் சாத்திவிட்டார் என்பது ஒரு கட்சி. இத்தனை இழப்புக்குப் பிறகு ஒரு சாதாரணக் காலைப் பொழுதைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

நம் ஊரில் இந்தப் பசி புதிதில்லை. 'பொன்னியின் செல்வன்' வார இதழில் முடிந்தபோது அந்தந்தப் பாத்திரம் பிறகு என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்க, கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது.

என் யோசனை: பின்னுரை எழுதுங்கள், ஆனால் சிறிதாக. யார் யாரை மணந்தார் என்ற தகவலுக்காக எழுதாதீர்கள். நாயகனின் உள்ளே என்ன ஆறியிருக்கிறது என்று காட்ட எழுதுங்கள். ரோலிங்கின் பின்னுரையில் சிறந்த இடம், தன்னைப் பள்ளியில் எந்த இல்லத்தில் சேர்ப்பார்களோ என்று பயப்படும் மகனுக்கு எதிரே ஹாரி குனிந்து உட்கார்ந்து, தான் வாழ்நாளெல்லாம் வெறுத்த ஆசிரியர் ஸ்னேப்பின் பெயரை அவனுக்கு ஏன் வைத்தேன் என்று சொல்லும் இடம். அது இருப்பதால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

படி 11: திருத்தம்

முதல் வரைவு முடிந்ததும் சில வாரம் தொடாதீர்கள். பிறகு முடிச்சுப் பட்டியலை எடுத்து, அவிழ்ந்தவற்றை அடியுங்கள். நாள், கிழமை, வயது, பருவம் அனைத்தையும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். ஹாரியின் பெற்றோர் வாழ்ந்த ஊரான காட்ரிக்ஸ் ஹாலோவின் கல்லறையில் ஹாரியின் பெற்றோர் இறந்த நாள் 31 அக்டோபர் 1981 என்று பொறித்துவிட்டதால், தொடரின் ஆண்டுக்கணக்கு முழுவதும் அந்தக் கல்லோடு பிணைந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் எழுதும் ஒரு தேதி, முதல் பாகம்வரை பின்னோக்கிப் பாயும்.

அடுத்து இரண்டு வாசகர்கள் வேண்டும். ஒருவர் முந்தைய பாகங்களை மனப்பாடமாக அறிந்த பதின்வயதுப் பிள்ளையாக இருக்கட்டும். மற்றவர் அவற்றைப் படித்துப் பல ஆண்டுகள் ஆகி, பாதி மறந்தவர். முதல் நபர் முரண்பாடுகளைப் பிடிப்பார். இரண்டாமவர் எங்கே யார் யார் என்று தெரியாமல் திணறுகிறார் என்பதைப் பாருங்கள். அங்கே முன்கதைச் சுருக்கம் எழுதி ஒட்டாமல், பழைய சம்பவத்தை யாராவது நினைத்துக்கொள்வதுபோலவோ வாக்குவாதத்தில் இழுப்பதுபோலவோ ஒரு வரி சேருங்கள்.

இருவரிடமும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நாயகன் கடைசியில் எதை விட்டுக்கொடுத்தான் என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளருக்கு அனுப்பலாம். யோசிக்கிறார்கள் என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பி, அந்த ஒற்றை வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள்.